டெல்லியா, ஜெனீவாவா, வகுப்பறையா? சர்வதேச வர்த்தகச் சட்டத்தை நம்பி இறங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சர்வதேச வர்த்தகச் சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்கிற மாணவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது ஜெனீவாதான். ஏரிக்கரையில் உலக வர்த்தக அமைப்பின் கட்டடம், இரண்டு நாடுகள் மோதும் வழக்கு, நடுவில் கோட்டு போட்ட நாம். கல்லூரியில் ஜான் ஜாக்சன் மூட் கோர்ட் போட்டிக்கு, அதாவது வர்த்தக வழக்கை மாணவர்கள் பாவனையாக வாதாடும் போட்டிக்கு, தயாரானவர்களுக்கு இந்த ஆசை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தக் காட்சியின் முக்கியப் பகுதி 2019 டிசம்பரிலேயே முடங்கிவிட்டது.

உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பில் ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஒரு மேல்முறையீட்டை மூன்று பேர் விசாரிக்க வேண்டும். புதியவர்களை நியமிக்க அமெரிக்கா வருடக்கணக்கில் ஒப்புதல் தராமல் இழுத்தடித்தது. 2019 டிசம்பரில் ஒரே ஒருவர்தான் மிச்சம். 2020 நவம்பர் 30-இல் அவர் பதவிக்காலமும் முடிந்தது. அதன்பின், முதல்கட்டத் தீர்ப்பில் தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், வழக்கு அப்படியே கிடப்பில் போய்விடும். சர்க்கரை மானியம் தொடர்பாக பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது இந்தியா செய்ததும் இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் முதலான சில நாடுகள் 2020-இல் தங்களுக்குள் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்துகொண்டன. இந்தியா அதில் சேரவில்லை.

அதற்காக ஜெனீவாவில் வேலையே இல்லை என்றில்லை. சுகாதாரத் தரம், தொழில்நுட்பத் தரம் பற்றிய குழுக்கூட்டங்கள் நடக்கின்றன, பேச்சுவார்த்தைகள் நடக்கின்றன, உறுப்பு நாடுகளின் வர்த்தகக் கொள்கையை மறுஆய்வு செய்கிறார்கள். வளரும் நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் குறைந்த கட்டணத்தில் சட்ட உதவி தருவதற்கென 2001-இல் தொடங்கிய ஆலோசனை மையம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் 166 உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்துத் தலைமைச் செயலகத்தில் சில நூறு பேர்தான் வேலை பார்க்கிறார்கள், அவர்களிலும் எல்லோரும் வக்கீல்கள் அல்ல. அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே மேலே ஏறுவது கடினம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மேல்முறையீட்டு அமைப்பில் இதுவரை இரண்டு இந்தியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்: 2000 முதல் 2008 வரை ஏ.வி. கணேசன், 2011 முதல் 2019 வரை உஜல் சிங் பாட்டியா. ஆறுமுகமங்கலம் வெங்கடாசலம் கணேசன் என்ற முழுப்பெயரைக் கேட்டாலே எந்த ஊர்க்காரர் என்று நம்மவர்களுக்குப் புரிந்துவிடும். இருவருமே ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். கணேசன் வணிகத் துறைச் செயலாளராக இருந்தவர், பாட்டியா உலக வர்த்தக அமைப்பில் இந்தியத் தூதராக இருந்தவர். ஆக அந்த நாற்காலிக்கு இந்தியாவிலிருந்து போன வழி சட்டக் கல்லூரி வழியல்ல, ஐ.ஏ.எஸ். பயிற்சி நடக்கும் முசோரி வழி!

சரி, டெல்லி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் இந்திய வக்கீலுக்கு உண்மையில் சோறு போடுவது இதுதான். வெளிநாட்டுக்காரர் தன் நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே சரக்கைக் கொட்டுகிறாரா என்று பார்ப்பதுதான் ஆன்டி-டம்பிங் விசாரணை. 1995 முதல் இன்றுவரை உலகில் இந்த விசாரணைகளை அதிகம் தொடங்கிய நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னணியில் இருக்கிறது. இந்த விசாரணைகளை நடத்துவது வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் டி.ஜி.டி.ஆர். என்ற இயக்குநரகம். 2018-இல்தான் இந்தப் பெயர் வந்தது.

ஏதோ ஒரு சீன ரசாயனம் அடிமாட்டு விலைக்கு வந்து குவிகிறது என்று இங்கே அதைத் தயாரிப்பவர் புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். விசாரணை தொடங்கியதும் அங்கிருந்து ஏற்றுமதி செய்பவர், இங்கே இறக்குமதி செய்பவர் எல்லோருக்கும் கேள்விப் பட்டியல் போகும். பதில் தரக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் விதி. அந்த நாட்களில் வக்கீல் செய்வது சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதல்ல. ஆலையின் விற்பனையை இன்வாய்ஸ் இன்வாய்ஸாகப் பார்த்து, சரக்குக் கட்டணத்தையும் தள்ளுபடியையும் கழித்து, ஆலை வாசல் விலை என்ன என்று கண்டுபிடிப்பது. ஒவ்வொரு மனுவையும் இரண்டாகத் தயாரிக்க வேண்டும்: ரகசிய எண்களோடு ஒன்று, எதிர்த்தரப்பு பார்ப்பதற்கு அவற்றை மறைத்து ஒன்று. அப்புறம் ஆலைக்கே நேரில் வந்து கணக்கைச் சரிபார்ப்பார்கள். வாய்மொழி விசாரணை உண்டு, ஆனால் சினிமா வாதம் எதிர்பார்க்காதீர்கள். இறுதி முடிவு ஒரு வருடத்துக்குள் வர வேண்டும், 18 மாதம் வரை நீட்டிக்கலாம்.

வரியின் அளவும் கணக்குதான். வெளிநாட்டுக்காரர் எவ்வளவு குறைத்து விற்றார், இந்தியத் தயாரிப்பாளருக்குப் பாதிப்பு நேராமல் இருக்க எவ்வளவு விலை கிடைத்திருக்க வேண்டும் என்று இரண்டு இடைவெளிகளைக் கணக்கிட்டு, எது குறைவோ அதையே வரியாகப் பரிந்துரைப்பது இந்திய நடைமுறை. டி.ஜி.டி.ஆர். பரிந்துரைக்கத்தான் முடியும். வரி போடுவதா வேண்டாமா என்பது நிதி அமைச்சகத்தின் முடிவு. பரிந்துரை சாதகமாக வந்தும் அறிவிக்கை வராமல் போன கட்சிக்காரருக்கு வக்கீல் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த வேலை பிடிக்காமல் விலகுகிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, சட்டம் கால் பங்கு, கணக்கு முக்கால் பங்கு என்பது. டி.ஜி.டி.ஆர். முன்னால் வக்கீல்தான் ஆஜராக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காஸ்ட் அக்கவுன்டன்ட்கள் நடத்தும் ஆலோசனை நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன, அவர்களுக்கு எண்கள் கைவந்த கலை. இன்னொன்று மனச்சாட்சி சம்பந்தப்பட்டது. விஸ்கோஸ் இழைக்கு ஆன்டி-டம்பிங் வரி இருந்தவரை உள்நாட்டு இழைத் தயாரிப்புக்குப் பாதுகாப்பு இருந்தது, அதை வாங்கி நூல் நூற்கும் தமிழ்நாட்டு ஆலைகளுக்கோ மூலப்பொருள் விலை ஏறியது. 2021 ஆகஸ்டில் அந்த வரி விலக்கப்பட்டபோது நூற்பாலைகள் வரவேற்றன. நீங்கள் எந்தப் பக்கம் வாதாடுவீர்கள் என்பதைக் கட்சிக்காரர் முடிவு செய்கிறார். இந்த வருடம் வரி வேண்டும் என்பீர்கள், அடுத்த வருடம் வேறொரு பொருளுக்கு வேண்டாம் என்பீர்கள். இது உறுத்தும் என்றால் தொடங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

டெல்லிக்குள்ளேயே இன்னொரு வாசலும் இருக்கிறது. இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கழகத்தில் வணிக அமைச்சகத்தின் ஆதரவோடு உலக வர்த்தக அமைப்பு ஆய்வு மையமும், 2017 முதல் வர்த்தக, முதலீட்டுச் சட்ட மையமும் இயங்குகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தானது. இப்படி வரிசையாக ஒப்பந்தங்கள் வரும்போது ஒவ்வொரு வரியையும் படித்து 'இந்த வாக்கியத்தால் நாளை நமக்கு என்ன வம்பு வரும்' என்று குறிப்பெழுத இளம் வக்கீல்கள் தேவை. சம்பளம் பெரிய சட்ட நிறுவனங்கள் அளவுக்கு இருக்காது, பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஆனால் கொள்கை உருவாகும் மேசைக்கு இவ்வளவு அருகில் இந்த வயதில் வேறெங்கும் உட்கார முடியாது.

வகுப்பறைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதியக் குழு அளவுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 57,700, அதன்மேல் படிகள். நிரந்தரப் பணி கிடைத்தால் நிம்மதிதான். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் வர்த்தகச் சட்டம் விருப்பப் பாடமாக ஒரே ஒரு தாள்தான். மீதி நேரத்துக்கு ஒப்பந்தச் சட்டமோ அரசியல் சட்டமோ எடுக்கச் சொல்வார்கள்.

பாடத்தைக் கையாளும் விதத்தில்தான் இந்தப் பாதையின் பலமும் பலவீனமும் தெரிகிறது. இறால்-ஆமை வழக்கு நடத்தப்படாத வர்த்தகச் சட்ட வகுப்பு உலகில் இருக்காது. கடலாமை தப்பிக்கும் கருவி இல்லாத வலைகளில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்ததை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து தொடுத்த வழக்கு. இயற்கை வளத்தைக் காக்கும் நோக்கம் சரி, அமல்படுத்திய விதம் பாரபட்சமானது என்று 1998-இல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது. வகுப்பு பெரும்பாலும் இதோடு முடியும். அமெரிக்கா நடைமுறையை மாற்றிக்கொண்டதையும், மலேசியா மீண்டும் போய் 2001-இல் தோற்றதையும், அதே சட்டத்தின்படி 2019-இலிருந்து இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை என்பதையும் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. நாம் 'ஜெயித்த' வழக்கின் மறுபாதி அது. ஏற்றுமதியாளரோடு உட்கார்ந்து பேசியவருக்குத்தான் இந்தப் பாதி தெரிந்திருக்கும்.

பாடம் நடத்துவதையும் வக்கீல் வேலையையும் சேர்த்துச் செய்தால் என்ன? மேற்கில் அது சகஜம். மிச்சிகனிலும் ஜார்ஜ்டவுனிலும் பாடம் நடத்திய ஜான் ஜாக்சன் எழுபதுகளில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்தார். மேல்முறையீட்டு அமைப்பில் இருந்த ஜெனிஃபர் ஹில்மன் ஜார்ஜ்டவுனில் பாடம் எடுத்தவர். டிரம்ப் அவசரகாலச் சட்டத்தைக் காட்டிப் போட்ட வரிகளை எதிர்த்து ஒரு சிறிய ஒயின் இறக்குமதி நிறுவனம் முதலானவை தொடுத்த வழக்கில் சட்டப் பேராசிரியர் இல்யா சோமினும் வழக்கறிஞர்களில் ஒருவர். 2025 மே மாதம் அமெரிக்க சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் அவர்கள் தரப்பு ஜெயித்தது. அந்த வரிச் சண்டை திருப்பூர் வரை எப்படி வந்து அடித்தது என்பது ஊரறிந்த கதை.

இந்தியாவில் அப்படி இரண்டையும் சேர்த்துச் செய்வது நடக்காது. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. ஆனால் எதிர்த்திசையில் ஒரு கதவு இருக்கிறது: தொழில் செய்யும் வக்கீல் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம் என்று 1979 விதிகள் சொல்கின்றன. ஆகவே இங்கே 'பேராசிரியர், கூடவே வக்கீல்' என்பது இல்லை. 'வக்கீல், கூடவே ஆசிரியர்' என்பது உண்டு.

யாரும் பட்டியலில் சேர்க்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது: சென்னையிலேயே சுங்கச் சட்டம். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்த ஒப்பந்தத்தில் வரிச்சலுகை கேட்டால், சரக்கின் மதிப்பில் 35 சதவீதமாவது அந்தப் பகுதியில் உருவானது, சுங்க வகைப்பாட்டு எண்ணும் மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த விதிகளுக்குப் பிறகு சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. சரக்கு எப்படி அங்கே உருவானது என்ற விவரம் இறக்குமதியாளர் கையிலேயே இருக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு நிற்க, நோட்டீஸ் வர, சுங்க மேல்முறையீடுகளைக் கேட்கும் தீர்ப்பாயமான செஸ்டாட்டின் சென்னை அமர்வு வரை போகும் தகராறுகள் இவை. கூடவே, பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கு ஏற்ப இறக்குமதியின்மேல் விழும் ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி முதல் முழு அளவில் வந்துவிட்டது. இரும்பு போல்ட், நட்டுகூட அதில் அடக்கம். உமிழ்வுக் கணக்கைக் காட்டு என்று அங்கிருக்கும் வாங்குபவர் கேட்கும்போது இங்கிருக்கும் சிறு தொழிற்சாலைக்காரர் யாரிடம் போவார்? மூட் கோர்ட் பெருமை இதில் கிடைக்காது. ஆனால் கட்சிக்காரர் உள்ளூர்க்காரர், ஃபைல் தமிழில் பேசும்.

என் தேர்வைக் கேட்டால்: கணக்குக்குப் பயப்படாதவர் டெல்லிக்குப் போகட்டும், வீட்டை விட்டு நகர முடியாதவர் சென்னைச் சுங்கத்தைப் பிடிக்கட்டும். ஜெனீவாவை வாழ்நாள் வேலையாக நினைக்காமல், சில வருடம் வேலை பழகும் இடமாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பிரெஞ்சை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். கற்பிப்பதுதான் உயிர் என்பவர்கள் எல்.எல்.எம். முடித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டை எழுதி வைத்துவிட்டு, நாலைந்து வருடம் ஃபைல் பார்த்தபிறகு கல்லூரிக்குப் போகலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.