படிப்படியாக மாறும் கோட்டிங்கில் நானோ இன்டென்டேஷன்: ஆறு வருட அனுபவம்

எங்கள் லேபுக்கு நானோ இன்டென்டர் (நுண்ணிய வைர முனையை அழுத்திப் பொருளின் கடினத்தை அளக்கும் கருவி) வந்து ஆறு வருடம் ஆகிறது. நான் அதில் அதிகம் அளந்தது, ஸ்டீல் மேல் டைட்டானியமாகத் தொடங்கி மேலே போகப் போக டைட்டானியம் நைட்ரைடாக மாறும் 3 மைக்ரான் கோட்டிங்.

கோட்டிங் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் அழுத்தினால் அடியில் இருக்கும் ஸ்டீல் குறுக்கிடாது என்றுதான் எல்லோரும் சொல்லித் தருவார்கள். ஒரே சீரான கோட்டிங்கின் கடினத்துக்கு அது பெரும்பாலும் சரிவரும். மாடுலஸுக்கு, அதாவது விறைப்புக்கு, சரிவராது; எலாஸ்டிக் அழுத்தம் இன்னும் ஆழமாகப் பரவும். எங்கள் கோட்டிங்கிலோ தன்மையே ஆழத்துக்கு ஆழம் மாறுகிறது. மேலிருந்து அழுத்தும்போது 200 நானோமீட்டரில் கிடைக்கும் எண், அந்த இடத்தின் எண் அல்ல. முனைக்குக் கீழே உள்ள பல அடுக்குகளின் கலவை.

இரண்டாம் வருடம் இதில் நன்றாக ஏமாந்தோம். மேற்பரப்புக்கு அருகில் கடினம் எகிறியது. கோட்டிங் அருமையாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்தோம். சந்தேகத்துக்கு, கடினம் ஏற்கனவே தெரிந்த ஃபியூஸ்டு சிலிக்கா கண்ணாடியில் போட்டுப் பார்த்தேன். ஆழமான இன்டென்டில் (அழுத்திய தடத்தில்) வழக்கமான 9 கிகாபாஸ்கலை ஒட்டியே வந்தது. 50 நானோமீட்டரில் மட்டும் தூக்கலாக நின்றது. பெர்கோவிச் டிப், அதாவது மூன்று பக்கப் பிரமிடு வடிவ முனை, மழுங்கியிருந்தது. ஆழத்திலிருந்து தொடுபரப்பைக் கணக்கிடும் சூத்திரமான பழைய ஏரியா ஃபங்ஷன் அதைக் குறைவாகக் கணக்கிட்டதால் கடினம் கூடித் தெரிந்தது. மூன்று மாத டேட்டாவைத் திரும்பக் கணக்கிட்டோம். அன்றிலிருந்து சாம்பிளைத் தொடும் முன் சிலிக்காவில் பத்து இன்டென்ட், ஆழமாகவும் மேலோட்டமாகவும்.

அடுக்குகள் கலந்து வரும் சிக்கலைக் குறைக்க, இப்போது கோட்டிங்கை 3 டிகிரி சாய்வாகத் தேய்த்து பாலிஷ் செய்கிறோம். 3 மைக்ரான் கோட்டிங் சுமார் 57 மைக்ரான் பட்டையாக விரிந்துவிடும். 50 நானோமீட்டர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று பத்து மடங்கு ஆழ இடைவெளி விட்டு நூறுக்கு மேல் இன்டென்ட் வரிசையாகப் போடலாம். கடினம் படிப்படியாக ஏறுவது அதில்தான் முதல்முறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பட்டை ஸ்டீலைத் தொடும் ஓரத்தில் மிச்சமிருக்கும் கோட்டிங் மிக மெல்லியது, அந்தக் கடைசிப் புள்ளிகளை நான் நம்புவதில்லை.

டிரிஃப்டையும் கவனியுங்கள்; வெப்பநிலை மாற்றத்தால் கருவியும் சாம்பிளும் மெல்ல நகர்வதுதான் அது. விநாடிக்கு 0.05 நானோமீட்டர் என்றாலே ஒரு நிமிட டெஸ்டில் 3 நானோமீட்டர் போய்விடும். 50 நானோமீட்டர் ஆழத்தில் அது 6 சதவீதம். சாம்பிளை முந்தின நாள் மாலையே உள்ளே வைத்துவிட்டு இரவில் ஓட்டுவது எங்களுக்குச் சரிவந்தது.

புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டாவது டிப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். மேலோட்டமான அளவுக்கு ஒன்று, மற்ற வேலைகளுக்கு ஒன்று. இரண்டையும் கலக்கவே கூடாது.