ஒரு ராப் ஆல்பத்தின் விக்கிப்பீடியா பக்கம்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்க ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' 2015-இல் வந்த ஆல்பம். அதன் ஆங்கில விக்கிப்பீடியா பக்கம் என் கவனிப்புப் பட்டியலில் (மாற்றம் நடந்தால் தெரியும்படி நான் குறித்துவைத்த பக்கங்கள்) ஏறிப் பல வருடங்கள் ஆகின்றன. பக்கத்தைத் தொடங்கியவன் நானில்லை, அதிகம் எழுதியவனும் நானில்லை. ஊர்கூடி எழுதும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்து மேற்கோள் சரிபார்க்கிற ஆள். "விக்கியில் எழுதலாமா, பிடித்த ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக. ஆனால் பாட்டைப் பற்றி எழுதப்போகிறோம் என்ற நினைப்போடு வராதீர்கள். வலது ஓரத்துப் பெட்டியில் இருக்கும் நான்கைந்து வரிகளைக் காப்பாற்றுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

வெளியீட்டுத் தேதியையே பாருங்கள். அறிவித்த தேதி 2015 மார்ச் 23. ஆனால் 15-ஆம் தேதி இரவே ஆல்பம் ஐடியூன்ஸிலும் ஸ்பாட்டிஃபையிலும் வந்துவிட்டது. கென்ட்ரிக் அப்போது இருந்த இசை நிறுவனமான டாப் டாக் என்டர்டெயின்மென்ட்டின் தலைவர் ஆன்டனி டிஃபித், ஆல்பத்தைச் சேர்ந்து வெளியிட்ட இன்டர்ஸ்கோப் நிறுவனத்தின் மீது ட்விட்டரிலேயே எரிந்து விழுந்தார். அமெரிக்காவில் 15 இரவு என்றால் நம் ஊரில் 16 காலை. ஆக, மூன்று தேதிக்கும் ஆள் உண்டு. 23 என்பவர் பழைய அறிவிப்பைக் காட்டுவார், 16 என்பவர் தன் போன் திரையைக் காட்டுவார். அன்றைய செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் 15-தான் நிற்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வரலாறு பக்கத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே எத்தனை எழுத்து கூடியது, குறைந்தது என்று பைட் கணக்கு இருக்கும். கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. 15-ஐ 23 ஆக்கினால் இரண்டு இலக்கம் போய் இரண்டு இலக்கம் வருகிறது, அதனால் கணக்கு பூஜ்ஜியம். சாம்பல் நிறத்தில் ஒரு பூஜ்ஜியம், தொகுப்புச் சுருக்கம் காலி, ஒரு பயனர் பெயர், அவ்வளவுதான். கண் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். யாராவது ஒரு பத்தியையே அழித்தால் நிமிடத்தில் யாரோ ஒருவர் மீட்டுவிடுவார், பூஜ்ஜியமோ வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். நான் பட்டியலைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

விற்பனையிலும் இதே பாடுதான். முதல் வாரத்துக்கு 3,24,000 என்று ஓர் எண், 3,63,000 என்று ஓர் எண். இரண்டும் சரி. முன்னது காசு கொடுத்து வாங்கிய பிரதிகள். பின்னது, தனிப்பாட்டுப் பதிவிறக்கத்தையும் ஸ்ட்ரீமிங்கையும் ஆல்பம் கணக்காக மாற்றிச் சேர்த்தது. அமெரிக்காவின் வாராந்தர ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியல் 2014 டிசம்பரில்தான் இந்த முறைக்கு மாறியிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் 'பிரதிகள்', 'அலகுகள்' என்று தெளிவாக எழுதிவிட்டால் பாதிப் பேர் கை வைக்க மாட்டார்கள்.

பிளாட்டினம், அதாவது பத்து லட்சத்தைத் தொட்டதற்கான சான்று, அந்த விஷயம் இன்னும் சுவாரசியம். அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ 2016 பிப்ரவரி 1 முதல் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. 1,500 ஸ்ட்ரீம் ஓர் ஆல்பத்துக்குச் சமம். விதி மாறிய கையோடு பிளாட்டினம் ஆனவற்றில் இந்த ஆல்பமும் ஒன்று. கூத்து என்னவென்றால், ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவரான அதே டிஃபித் இதை ஏற்கவில்லை. பழைய கணக்குப்படி பத்து லட்சம் ஆல்பம் விற்கட்டும், அதுவரை வாழ்த்து வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எனவே 'பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் பிரதிகள் விற்றது' என்று யாராவது ஆசையாக எழுதும்போது, தயாரித்தவரே மறுத்த ஒன்றை எழுதுகிறார். இதைப் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் இடம்) எடுத்து வைத்தால் ரசிகர்கள்கூட அடங்கிவிடுகிறார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த தருணங்கள் இவை. கத்திப் பேசி யாரும் ஜெயிப்பதில்லை, மேற்கோளைக் கொண்டுவந்து வைத்ததும் பேச்சு முடிகிறது.

எப்போதும் முடிவதில்லை. ஜானர், அதாவது இசை வகை வரி என்று ஒன்று இருக்கிறதே! இந்த ஆல்பத்தில் தண்டர்கேட் பாஸ் வாசிக்கிறார், கமாசி வாஷிங்டன் சாக்ஸஃபோன், ராபர்ட் கிளாஸ்பர் பியானோ. முதல் பாட்டிலேயே ஃபங்க் உலகின் பெரியவர் ஜார்ஜ் கிளின்டன் குரல் கொடுக்கிறார். கேட்கிற காதுக்கு ஜாஸ், ஃபங்க், சோல் எல்லாம் உண்டு. ஆகவே ஆளுக்கு ஒன்றாக ஜானர் வரியில் சேர்த்துக்கொண்டே போவார்கள். விக்கியின் விதியோ வேறு. ஆல்பத்தை இந்த ஜானர் என்று ஒரு விமர்சகர் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். 'ஜாஸ் தாக்கம் தெரிகிறது' என்று எழுதியதை வைத்து ஜாஸ் என்று போட முடியாது. இரண்டு விமர்சகர்கள் சொன்னதைக் கூட்டி மூன்றாவதாக நாமே ஒரு முடிவுக்கு வரவும் கூடாது. இதையெல்லாம் சொல்லி, 'பேச்சுப் பக்கத்தில் ஒத்த கருத்து வராமல் மாற்றாதீர்கள்' என்று தொகுப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற குறிப்பை உள்ளே வைப்பதும் வழக்கம். குறிப்புக்கு மேலும் கீழும் கவனமாக மாற்றிவிட்டு, குறிப்பை மட்டும் பத்திரமாக விட்டுவைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் ஒரே பக்கத்தில் மற்றவர் செய்ததை மீளமைத்தால் தடை வரலாம். சண்டை முற்றினால் பொதுக் கருத்துக் கேட்பு, அது வழக்கமாக 30 நாள் ஓடும். 2024 மே மாதம் கென்ட்ரிக்கும் இன்னொரு ராப் பாடகரான டிரேக்கும் ஒருவரையொருவர் தாக்கி மாறி மாறிப் பாட்டு விட்டது மாதிரியான சமயங்களில் அரைப் பூட்டு கைகொடுக்கும். கணக்குக்கு நான்கு நாள் வயதும் பத்துத் தொகுப்பும் இருந்தால்தான் உள்ளே கை வைக்கலாம். ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. குறை மனிதர்களிடம்தான். புதிதாக வந்த ஒருவர் சரியான தகவலை மேற்கோள் வடிவம் தெரியாமல் சேர்த்தால், ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கி எறிகிற பழைய ஆட்கள் உண்டு. என் ஆரம்ப காலத் தொகுப்புகளுக்கும் அந்த மரியாதைதான் கிடைத்தது. மேற்கோளைத் திருத்திக் கொடுக்க ஆகும் நேரம் மீளமைக்க ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஆதாரம் தேடுவதில் ஒரு தலைவலி. ராப் பற்றி இணையத்தில் அதிகத் தகவல் இருக்கும் ஜீனியஸ், டிஸ்காக்ஸ் ஆகிய தளங்கள் இரண்டும் பயனர்களே எழுதுபவை, எனவே மேற்கோளாகச் செல்லாது. சாம்பிள் (வேறு பாட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த துண்டு) எங்கிருந்து எடுத்தது, கூடுதல் தயாரிப்பு யார் என்பதற்கெல்லாம் சிடியின் உள்ளட்டைதான் கடைசி வார்த்தை. இணைய இணைப்பு இல்லாத அச்சு ஆதாரமும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. இருந்த ஆதாரமும் கரைகிறது. 2024 ஜூனில் எம்டிவி நியூஸின் பழைய கட்டுரைகள் மொத்தமாக இணையத்திலிருந்து இறங்கிவிட்டன. பல வருட ராப் செய்தி அதில் இருந்தது. இறந்த இணைப்புகளுக்கு பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் நகலைத் தேடிப் பொருத்துகிற பாட் (தானாக இயங்கும் நிரல்) ஒன்று ஓடுகிறது, அது இல்லாவிட்டால் அம்போ. நானும் புதிய மேற்கோள் எதைச் சேர்த்தாலும் அன்றே ஆர்க்கைவில் ஒரு நகல் எடுத்துவைக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு பக்கத்தில் மெலிந்து கிடப்பது எது என்றால், பாட்டு எப்படி இருக்கிறது என்ற பகுதிதான். நம் காதால் கேட்டதை எழுத முடியாது, விமர்சகர் கேட்டதைத்தான் எழுத முடியும். கடைசிப் பாட்டில் மறைந்த ராப் பாடகர் டூபாக்கோடு கென்ட்ரிக் பேசுவது போல ஒரு பகுதி வரும். 1994-இல் ஸ்வீடன் வானொலிக்கு டூபாக் கொடுத்த பேட்டியை வெட்டி, கேள்விகளைக் கென்ட்ரிக் கேட்பதாகச் சேர்த்தது. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். விக்கி நடையில் எழுதினால் ரயில்வே அறிவிப்பு. காப்புரிமையால் பாடல் வரிகளையும் அதிகம் காட்ட முடியாது. ஒலித்துண்டு என்றால் 30 வினாடி, அல்லது பாட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. வெள்ளை மாளிகை முன்னால் ஆண்கள் கூட்டம் நிற்கும் அந்த அட்டைப் படத்தையும் சிறிய அளவில்தான் வைக்கலாம், பெரிதாக ஏற்றினால் ஒரு பாட் வந்து சுருக்கிவிடும்.

புகழ்ச்சிக்கும் இடமில்லை. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. 'வரலாற்றின் மகத்தான ஆல்பம்' என்று எழுதுவதைவிட, ரோலிங் ஸ்டோன் 2020-இல் வெளியிட்ட 500 ஆல்பங்கள் பட்டியலில் 19-ஆம் இடம், விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிடிக்கில் 100-க்கு 96 என்று எழுதுவது வலுவாகவே நிற்கிறது. விமர்சன மதிப்பெண் பெட்டியில் பத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் பஞ்சாயத்து நடக்கும்.

போனில் தொகுப்பதைப் பற்றிக் கேட்காதீர்கள். எழுத்துப்பிழை திருத்தலாம், பாடல் பட்டியல் வார்ப்புருவில் (தயார்நிலைப் படிவம்) கை வைத்தால் தயாரிப்பாளர், எழுதியவர், நீளம் என்று கட்டம் கட்டமாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு லேப்டாப்தான்.

புதிதாக வருகிறவர்கள் இந்த மாதிரி நெரிசலான பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பல பேர் கண் வைத்திருக்கும் இடத்தில் முதல் தொகுப்பே மீளமைந்தால் ஆர்வம் போய்விடும். கையில் சிடி இருக்கிற, பக்கம் அரைகுறையாகக் கிடக்கிற சின்ன ஆல்பம் ஒன்றை எடுத்து, உள்ளட்டையில் உள்ள கலைஞர் பட்டியலை மணல்தொட்டியில் (பயிற்சிக்கான தனிப் பக்கம்) தட்டச்சு செய்து பாருங்கள். மேற்கோள் வடிவம் கையில் படிந்த பிறகு அப்படியே பக்கத்துக்கு மாற்றலாம். தொகுப்புச் சுருக்கத்தைக் காலியாக விடாதீர்கள். 'உள்ளட்டைப்படி' என்று ஒரு சொல் இருந்தாலே மீளமைக்க வருகிறவர் ஒருமுறை யோசிப்பார்.