பெயர் எழுதாத மருந்துப் பாட்டிலை வாங்காதீர்கள்: சிஞ்சில்லா வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

சிஞ்சில்லா (கினிப்பன்றி மாதிரி கொறித்துத் தின்னும் சின்னப் பிராணி) வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளின்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின். இந்த ஆன்டிபயாடிக் மருந்துகளை வாய் வழியாகச் சிஞ்சில்லாவுக்குக் கொடுக்கவே கூடாது. நாய்க்கும் பூனைக்கும் சர்வசாதாரணமாக எழுதித் தரும் அமாக்சிசிலின், சிஞ்சில்லாவின் உயிரையே எடுத்துவிடும். எங்கள் பொம்மி அப்படித்தான் போனாள். அந்த மருந்தைக் கொடுத்தது ஒரு மருத்துவமனை. கொடுத்த பாட்டிலில் மருந்தின் பெயரே இல்லை.

பொம்மிக்கு 4 வயது. நல்லபடியாக இருந்தால் இந்தப் பிராணி 10 வருஷத்துக்கு மேல் வாழும், சிலது 20 வரைகூடப் போகும். ஒரு நாள் மாலை கூண்டைச் சுத்தம் செய்யும்போது தட்டில் புழுக்கை ரொம்பக் குறைவாக இருந்ததைக் கவனித்தேன். வழக்கமாகக் கெட்டியாக, கரும்பழுப்பு நிறத்தில், இரண்டு முனையும் மழுங்கி நீளவாக்கில் இருக்கும். அன்றைக்கு விழுந்தவை பாதி அளவுதான்; ஒரு நுனி கூர்ந்து, தொட்டால் உதிர்கிற மாதிரி காய்ந்திருந்தன. உலர்புல் வைத்தது வைத்தபடி கிடந்தது. தீவனத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள், ஒரு கடி கடித்தாள், கீழே போட்டுவிட்டாள். தாடைக்குக் கீழே முடி ஈரமாகி ஒட்டியிருந்தது. எடை பார்த்தால் முந்தைய வாரத்தைவிடக் குறைந்திருந்தது. டாக்டரிடம் காட்டுவதற்காக ஒரு வெள்ளைத் தாளில் அன்றைய புழுக்கையையும் பழைய புழுக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து வைத்தேன். அந்த போட்டோ பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். முயல், கினிப்பன்றி, சிஞ்சில்லா எல்லாவற்றுக்கும் சிறப்புச் சிகிச்சை என்று வாசலில் பெரிய பலகை. அதை நம்பித்தான் போனோம். உள்ளே இருந்த டாக்டர் வயிற்றை ஒரு தரம் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். எடை போடவில்லை. வயிற்றில் சத்தம் இருக்கிறதா என்று ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. தாடை ஈரமாக இருக்கிறது, உலர்புல்லைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று நான் சொன்ன பிறகும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. போட்டோவை நீட்டினேன், கையில் வாங்கவில்லை.

“பயப்படாதீங்க, வயித்துல இன்ஃபெக்ஷன். சொட்டு மருந்து தரேன்.”

“என்ன மருந்து டாக்டர்?”

“ஆன்டிபயாடிக்தாங்க. எல்லாச் சின்னப் பிராணிக்கும் இதைத்தான் குடுக்கிறோம்.”

இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றிய சின்னப் பாட்டில் ஒன்று கைக்கு வந்தது. மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் பேனாவால் எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர், வீரியம், காலாவதித் தேதி எதுவும் கிடையாது. பில்லில் மட்டும் ‘அரிய பிராணி சிறப்புப் பரிசோதனை’ என்று தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள்.

இந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால்தான் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது விளங்கும். சிஞ்சில்லாவின் பூர்வீகம் ஆண்டிஸ் மலையின் வறண்ட உயரங்கள். நார் மிகுந்த காய்ந்த புல்லையும் செடிகொடிகளையும் தின்று வாழ்வதற்கேற்ற குடல் அதற்கு. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. அங்கே உருவாகும் மென்மையான ஒருவகைப் புழுக்கையைச் சிஞ்சில்லா மறுபடி தின்று மிச்சச் சத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆக, அதன் சாப்பாடே அந்தப் பாக்டீரியாக்களின் உழைப்பில்தான் நடக்கிறது. நான் மேலே சொன்ன மருந்துகள் வாய் வழியாகப் போனால் முதலில் அழிவது அவைதான். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் போன்ற கெட்ட பாக்டீரியாக்கள் பெருகி நச்சைச் சுரக்கும். வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், உடம்பு சில்லிட்டுப் போதல், பிறகு மரணம். சிஞ்சில்லாவால் வாந்தி எடுக்கவும் முடியாது; உள்ளே போனது போனதுதான்.

பொம்மிக்கு அப்படியே நடந்தது. மருந்து ஆரம்பித்த பிறகுதான் புழுக்கை குழைந்து, நாற்றத்தோடு தண்ணீராகப் போக ஆரம்பித்தது. வயிறு இறுகி உப்பியது. பக்கவாட்டில் படுத்து உடம்பை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டாள். வலியில் சிஞ்சில்லா அப்படித்தான் செய்யும். நடுராத்திரியில் சின்னப் பிராணிகளை உண்மையிலேயே பார்க்கத் தெரிந்த வேறொரு டாக்டரைத் தேடிப் பிடித்தோம்.

அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே “என்ன மருந்து கொடுத்தாங்க?” என்பதுதான். பாட்டிலைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. முதல் மருத்துவமனைக்கு போன் போட்டால், “டாக்டர் இல்லைங்க, மருந்துப் பேரெல்லாம் போன்ல சொல்றதில்லை” என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் இந்த டாக்டரே பேசிய பிறகுதான் அமாக்சிசிலின் என்று வாயைத் திறந்தார்கள். அந்த நேரத்தில் வீணான ஒவ்வொரு நிமிஷத்துக்கும் யார் பொறுப்பு?

மருந்தை உடனே நிறுத்தினார்கள். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், உடம்புக்குச் சூடு கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில்தான் மூல காரணமே தெரிந்தது: கடைவாய்ப் பல். சிஞ்சில்லாவுக்கு எல்லாப் பல்லும் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். பொம்மியின் கடைவாய்ப் பற்களின் வேர்ப்பகுதி தாடைக்குள் நீண்டு அழுத்திக்கொண்டிருந்தது. வலியால் உலர்புல்லை மெல்லவில்லை. நார் போகாததால் குடல் இயக்கம் மந்தமாகிவிட்டது. ஈரத் தாடை அந்தப் பல் கோளாறுக்கான அடையாளம். அவளுக்கு இன்ஃபெக்ஷனே இருந்ததாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். முதல் நாளே வாயைப் பார்த்து, வலிக்கு மருந்தும், சிரிஞ்சில் நார்ச்சத்துக் கரைசலும், திரவமும் கொடுத்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றும் சொன்னார். விடிவதற்கு முன்பே பொம்மி போய்விட்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் மருத்துவமனையில் சிகிச்சைப் பதிவின் நகல் கேட்டேன். இழுத்தடித்துக் கொடுத்தார்கள். ‘கடும் வயிற்றுப்போக்குடன் கொண்டுவரப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. வயிற்றுப்போக்கு அவர்கள் மருந்தால் வந்தது! கொண்டுபோன அன்றைக்கு இருந்தது காய்ந்துபோன புழுக்கை. முந்தின நாள் மாலை எடுத்த போட்டோவில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கின்றன. அந்த போட்டோ, பெயரில்லாத பாட்டில், எக்ஸ்ரே, இரண்டாவது டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் இணைத்து, மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பிடம் புகார் கொடுத்திருக்கிறேன். வாசல் பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பலகையை நம்பாதீர்கள். உங்கள் பிராணி நன்றாக இருக்கும்போதே டாக்டரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்து, சிஞ்சில்லாவுக்கு எந்த ஆன்டிபயாடிக் ஆகாது என்று கேளுங்கள். பார்க்கத் தெரிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். ஆன்டிபயாடிக் தேவைப்படுகிற நோயும் உண்டு, அதற்கு என்ரோஃபிளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா என்று சிஞ்சில்லாவுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன. அதைத் தெரிந்தவர் முடிவு செய்யட்டும். புழுக்கை குறைந்தாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள். சிஞ்சில்லா பட்டினி கிடந்தால் குடல் நிற்பதோடு கல்லீரலும் கெட ஆரம்பிக்கும்.

மருந்து கொடுத்தால் பெயரையும் அளவையும் பாட்டிலிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காமல் வேறு டாக்டரிடம் போங்கள். சிகிச்சைப் பதிவின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கி, அங்கேயே நின்று படியுங்கள். நீங்கள் சொல்லாத எதையாவது எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.