பட்டுப்புடவைக்கு ஹேங்கரா, ஜிப் கவரா, துணிப்பையா?

பீரோவைச் சீர்செய்யும்போது சுடிதார், நைட்டி, காட்டன் புடவை எல்லாம் சீக்கிரம் இடம் பிடித்துவிடும். பட்டுதான் சிக்கல். அடிக்கடி கட்டுவதில்லை, விலை அதிகம், வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு நாங்கள் துணிப்பைக்கு மாறிவிட்டோம். அந்தச் சாய்வு கீழே தெரியத்தான் செய்யும்.

ஹேங்கரில் இருக்கும் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதவைத் திறந்ததும் எல்லாம் கண்ணில் படும், எடுப்பதும் சுலபம். ஜார்ஜெட், ஷிஃபான், தினம் கட்டும் காட்டன் ஆகியவற்றுக்கு அதுவே போதும். காஞ்சிபுரம் பட்டுக்கு மட்டும் வேண்டாம். முக்கால் கிலோவோ அதற்கு மேலோ எடை உள்ள புடவை முழுவதும் ஒரே கம்பியில், ஒரே கோட்டில் தொங்குகிறது. பட்டும் சரிகையும் ஒரே அளவில் நீள்வதில்லை. அதனால் கனமான பார்டரும் உடலும் சேரும் இடத்தில் நாளடைவில் இழுப்பு விழும். மெல்லிய இரும்புக் கம்பி ஹேங்கர் என்றால் துருக்கறையும் சேர்ந்துகொள்ளும். ஹேங்கர்தான் வேண்டும் என்பவர்கள் தடித்த மரக் கம்பி உள்ளதை வாங்கி, அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, சரிகை குறைந்த மென்பட்டை மட்டும் தொங்கவிடலாம்.

முன்பக்கம் கண்ணாடி போலத் தெரியும் ஜிப் கவர், புடவையைத் தேடும் வேலையை மிச்சப்படுத்தும். தூசியும் அண்டாது. ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே நனைந்திருக்கும்போது மடித்து மூடிய கவரை நாலு மாதம் கழித்துத் திறந்தால் முடைநாற்றம் வரும், சில நேரம் பூஞ்சைப் புள்ளியும் இருக்கும். சரிகைக்கு இது இன்னும் கெடுதல். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்க வைக்கின்றன, ஈரம் அதை வேகப்படுத்துகிறது. கவருக்குள் ரப்பர் பேண்டோ அந்துருண்டையோ போடுவது மேலும் தவறு. ரப்பரிலேயே கந்தகம் இருக்கிறது. அந்துருண்டையின் ஆவிக்கு வெளியேற வழியில்லாததால் நெடி நூலோடு ஊறிவிடும். சரிகை முழுக்க பாலியஸ்டர் இழை என்றால் கறுக்கும் கவலை இல்லை, ஜிப் கவரில் வைக்கலாம். எது அசல் என்று தெரியாவிட்டால் முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவிச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல்.

துணிப்பையில் காற்று போய் வரும். நல்ல காரணம்தான், ஆனால் முடிவைத் தீர்மானித்தது அது இல்லை, மடிப்பு. பட்டுப்புடவை கிழிவது பெரும்பாலும் மடிப்புக் கோட்டில்தான். ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் மடிந்து கிடந்தால் அங்கே நூல் நைந்து, ஒருநாள் விரித்ததும் நேர்கோடாக விட்டுவிடும். சரிகையும் அதே கோட்டில்தான் முறியும். ஆகவே எதில் வைத்தாலும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது மடிப்பை மாற்றியாக வேண்டும். ஜிப் கவரில் புடவை பளிச்சென்று தெரிவதால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துத் திறக்காமலே விட்டுவிடுகிறோம். பையில் உள்ளதைப் பார்க்க வேண்டுமானால் வெளியே எடுத்தாக வேண்டும், எடுத்ததை மறுபடி மடித்துத்தான் வைக்க வேண்டும்.

மடிப்பு மாற்றத் தை, சித்திரை, ஆடி, புரட்டாசி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மழை நாளில் மட்டும் திறக்காதீர்கள். வெயில் படாத இடத்தில், மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டால் போதும். புடவையின் அகலம் சுமார் 46 அங்குலம். ஒரு தடவை அதை நான்காக மடித்தால் அடுத்த தடவை மூன்றாக மடியுங்கள். நீளவாக்கில் முதல் மடிப்பைச் சரியாக நடுவில் போடாமல் நான்கு அங்குலம் தள்ளிப் போட்டால், பிறகு பாதி பாதியாக மடிக்கும்போது பெரும்பாலான கோடுகள் இடம் மாறிவிடும். சரிகை உள்பக்கம் இருக்கட்டும். அழுத்தித் தேய்த்து மடிக்காதீர்கள். கனமான பார்டர் மடியும் இடத்தில் காட்டன் துணியைச் சுருட்டி வைத்தால் மடிப்பு கூர்மையாக விழாது. பத்துப் புடவைக்கு மேல் இருந்தால் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம், அலுப்பில் பழைய மடிப்பிலேயே வைத்துவிடுவோம்.

பை தைக்கச் சாயம் போடாத காடாத்துணி நல்லது. கஞ்சி போக இரண்டு தடவை துவைத்துக் காய வைத்த பிறகே வெட்ட வேண்டும். கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும். வாய் 18 அங்குலம், ஆழம் 15, மேலே 3 அங்குல மடல். 36 அங்குல அகலத் துணி ஒன்றேகால் மீட்டரில் இரண்டு பை வரும். பிளாஸ்டிக் ஜிப்போ வெல்க்ரோவோ வேண்டாம். வெல்க்ரோ பட்டு இழையைப் பிடித்து இழுக்கும். நாடா போதும். எந்தப் பையில் எந்தப் புடவை என்று தெரிய, அதன் ரவிக்கைத் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டை மடலின் மேல் தைத்துவிடுங்கள். ஒரு பைக்கு ஒரு புடவை, கனமில்லாததாக இருந்தால் இரண்டு. நாலு பைக்கு மேல் அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கும்.

ரவிக்கையைப் புடவையோடு சேர்த்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். வியர்வையின் உப்பும், துருப்பிடிக்கும் ஊக்கும் பட்டுக்கு ஆகாது. பூச்சிக்கு வசம்பும் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் சின்ன முடிச்சாகக் கட்டி, புடவையில் படாமல் தட்டின் மூலையில் வைக்கிறோம். இதன் காரம் சில மாதங்களில் குறைந்துவிடும், மடிப்பு மாற்றும்போதே இதையும் மாற்ற வேண்டும். புழு ஏற்கெனவே வந்துவிட்ட பீரோவில் இது மட்டும் போதுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தட்டை முழுக்கக் காலி செய்து, சந்து பொந்து விடாமல் துடைத்துக் காயவிட்ட பிறகே புடவைகளைத் திரும்ப அடுக்குங்கள்.

உடல் முழுவதும் சரிகை ஓடும் டிஷ்யூ புடவைக்குத் துணிப்பையும் சரிவராது, எப்படி மடித்தாலும் சரிகை முறியும். காட்டன் சுற்றிய உருளையில் சுருட்டி வைப்பதே மேல். 46 அங்குல உருளைக்கு இரும்பு பீரோவில் இடம் கிடைக்காது, அகலத்தை ஒரே ஒரு தடவை பாதியாக மடித்துச் சுருட்டினால் தட்டில் அடங்கும்.