துக்க வீட்டில் வரும் நெஞ்சு வலியை ‘வாயு’ என்று சொல்லி அனுப்பினால் நம்பாதீர்கள்

அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு மட்டும் ஒரு மாத்திரை. சவுதியில் வேலை பார்த்த தாய்மாமா திடீரென்று இறந்துபோனார். உடல் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வந்துசேர 9 நாள் ஆனது. அந்த 9 நாளையும் அம்மா கட்டன் சாயாவிலேயே ஓட்டினார். அடக்கம் முடிந்த சாயங்காலம், “நெஞ்சுல அம்மிக்கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்கு மக்களே” என்றார். ஒரு தடவை வாந்தி. சேலை நனையும் அளவுக்கு வியர்வை. தாடை வரைக்கும் ஒரு இழுப்பு.

வீட்டில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னது, வாயு. சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள். நானும் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். அந்தத் தப்பு என்னுடையது.

அப்புறம் தக்கலைப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார். மாமா இறந்த விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, விடை கிடைத்துவிட்டதல்லவா! “துக்கம்தான். தூங்கினா சரியாகும்.” ஓர் ஊசி, மஞ்சள் மருந்து கலந்த ஒரு டிரிப், இரண்டு தூக்க மாத்திரை. அறையின் மூலையில் துணி போட்டு மூடிய ஈசிஜி மெஷின் இருந்தது. “ஒண்ணு எடுத்துப் பாத்திரலாமா?” என்று கேட்டேன். “சாவு வீட்டுலேருந்து வாற எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் அண்ணா” என்றார் நர்ஸ். 1,400 ரூபாய். கையில் கிடைத்தது தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

ராத்திரி 2 மணிக்கு அம்மாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தார். 108-ஐக் கூப்பிட்டு நாகர்கோவிலில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ஈசிஜி அப்படியே மாரடைப்பு மாதிரி இருந்தது, ரத்தத்தில் டிரோபோனினும் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் புரதம்) கூடியிருந்தது. ஆனால் இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவில் எங்கேயும் அடைப்பு இல்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. இதயத்தின் இடது கீழறை நுனிப்பகுதி சுருங்காமல் பலூன் மாதிரி ஊதிக் கிடந்தது. நுரையீரலில் நீர் கோத்ததற்கு அதுதான் காரணம்.

இதற்குப் பெயர் டகோட்சுபோ. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கிற குடுவையின் பெயராம். நம் கடற்கரைக்காரர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அதுதான் ஆக்டோபஸ். ஊதிய இதயம் ஆஞ்சியோவின்போது எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், கழுத்து ஒடுங்கி அடி பருத்த அந்தக் குடுவை மாதிரியே தெரிவதால், 1990-ல் அங்குள்ள மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். பெரும் துக்கமோ அதிர்ச்சியோ வரும்போது அட்ரினலின் போன்ற சுரப்புகள் ஒரேயடியாகக் கொட்டி இதயத் தசையைத் திகைக்க வைத்துவிடுகின்றன. பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் வருகிறது. பலருக்கும் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் முதல் சில நாட்களில் துடிப்பு தாறுமாறாகலாம், பிரஷர் விழலாம், உயிரும் போகலாம். வெளியே பார்த்து இதையும் சாதாரண மாரடைப்பையும் பிரிக்க எந்த மருத்துவராலும் முடியாது. ‘துக்கம்தான்’ என்று அந்த மருத்துவர் சொன்னது ஒரு வகையில் சரி. அதனாலேயே ஈசிஜி எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் சண்டை.

துக்கம் அசல் மாரடைப்பையும் கொண்டுவரும். நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் அந்த ஆபத்து சுமார் 21 மடங்கு கூடுகிறது, பிறகு நாள் போகப்போகக் குறைகிறது என்று அமெரிக்காவில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இதைப் படித்தபோது 2017 ஒக்கி புயல்தான் ஞாபகம் வந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் தூத்தூர், வள்ளவிளைக் கரையில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்த பெண்களில் எத்தனை பேருக்கு இப்படி ஊசி போட்டு அனுப்பினார்களோ.

ஆகவே நெஞ்சு கனம், தாடை இழுப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் என்று போனால் ஈசிஜி எடுக்காமல் எழுந்து வராதீர்கள். முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமா, டிரோபோனின் பார்க்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எக்கோ வசதி இல்லாத இடத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

பத்து நாள் கழித்து அந்தக் கிளினிக்கில் அம்மாவின் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டேன். எழுதி வைக்கும் வழக்கமே இல்லையாம்! நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதிமுறை. எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்தது சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு மனு, தேவைப்பட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். அதற்கு 2 வருட அவகாசம் இருக்கிறது. புகார் நடப்பதால் கிளினிக் பெயரை இங்கே எழுதவில்லை, தனியாகவும் கேட்காதீர்கள்.

ஆறாவது வாரம் எடுத்த எக்கோவில் அம்மாவின் இதயம் சரியாகிவிட்டது. துண்டுச் சீட்டு மட்டும் என் பர்சிலேயே இருக்கிறது, அதைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.