பாகம் கழுவும் தொட்டியில் எதை ஊற்றலாம்?

கிரீஸ் அப்பிய வண்டிப் பாகம் கையில் இருக்கும்போது, எது சீக்கிரம் கழுவும் என்றுதான் மனம் தேடும். வீட்டோடு ஒட்டிய கராஜில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஃபிளாஷ் பாயிண்ட். திரவத்திலிருந்து எழும் ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் வெப்பநிலை அது.

பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். எந்தக் குளிரிலும் அது பற்றத் தயாராகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்து, கராஜின் மறுகோடியில் எரியும் வாட்டர் ஹீட்டரின் சுடரைத் தொட்டு, நெருப்பாகத் தொட்டிக்கே திரும்பி வரும். போதாததற்கு அதில் பென்சீனும் உண்டு. புற்றுநோய் தரும் பொருள். "கொஞ்சமாக, ஜாக்கிரதையாக" என்பவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பெயிண்டை இளக்கும் தின்னரும் இதே வகைதான்.

மண்ணெண்ணெயின் ஃபிளாஷ் பாயிண்ட் 38 டிகிரியிலிருந்து தொடங்கும், டீசலுடையது பெரும்பாலும் 52-க்கு மேல். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் கோடையில் தகரக் கூரையின் கீழ் 40 டிகிரி சாதாரணம். அப்போது மண்ணெண்ணெய்த் தொட்டியும் பற்றும் நிலைக்கு வந்துவிடும். இன்னொன்று: துணியில் ஊறினாலோ, திரவத்தைப் பாகத்தின் மேல் பாய்ச்சும் தொட்டியின் பம்ப் அதைப் பனிபோலப் பீய்ச்சினாலோ, ஃபிளாஷ் பாயிண்டுக்குக் கீழேயும் சுலபமாகப் பற்றும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டீசல் மெதுவாகத்தான் கழுவும், எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், கையுறை இல்லாமல் தொட்டால் தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிப்பு விழவைக்கும்.

பெட்ரோலிய வகையில்தான் வேண்டும் என்றால், ஃபிளாஷ் பாயிண்ட் 60 டிகிரிக்கு மேல் உள்ள மினரல் ஸ்பிரிட்டை, அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கரைப்பானை, தேடுங்கள். சாதாரண மினரல் ஸ்பிரிட் மண்ணெண்ணெயை ஒட்டியே நிற்கும். டப்பாவில் ஃபிளாஷ் பாயிண்ட் எத்தனை என்று பார்க்காமல் வாங்காதீர்கள். கிரீஸை நன்றாகக் கரைக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்காது. உலர நேரமாகும், அவ்வளவுதான்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனர்களில் சில பற்றாதவை என்பது உண்மை. ஆனால் மூடிய அறையில் அவற்றின் ஆவி மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும். அதில் நனைந்த பாகத்தை வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகலாம். தொட்டிக்கு இது ஆகாது.

சரி, மீதி இருப்பது தண்ணீரில் கலக்கும் டிகிரீசர், அதாவது கிரீஸ் நீக்கும் திரவம். என் முதல் தேர்வு இதுதான். தீப்பற்றும் கவலை இல்லை, மூச்சை அடைக்கும் நெடியும் இல்லை. பச்சைத் தண்ணீரில் கலக்கிப் பார்த்து "அழுக்கே போகவில்லை" என்று ஒதுக்குகிறவர்கள் அதற்குரிய வாய்ப்பைத் தரவில்லை. 40, 50 டிகிரிக்குச் சூடாக்கி, அரைமணி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் எஞ்சின் எண்ணெய்ப் பிசுக்கு கழன்று வரும். காய்ந்து கெட்டித்த கார்பனுக்கு மட்டும் பொறுமை வேண்டும். காஸ்டிக் சோடா கலந்தது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனையும் வெளிவிடும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள். இரும்பு பாகத்தைக் கழுவியதும் உடனே துடைத்து, காற்றடித்து உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். சற்று விட்டாலும் செம்பழுப்பாகத் துரு படரும். பேரிங்கை மட்டும் காற்றடித்துச் சுழற்றிவிடாதீர்கள். அதைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் மினரல் ஸ்பிரிட்டில் அலசுவதுதான் என் வழக்கம்.

தொட்டியின் பம்ப் எதற்கென்று செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். வீட்டுக்கு விற்கும் சிறிய தொட்டிகள் பலவும் தண்ணீர்க் கரைசலுக்கு மட்டுமே. அவற்றில் எரியும் திரவத்தை ஊற்றினால், மின்மோட்டாரே பொறி தந்துவிடலாம்.

எதை ஊற்றினாலும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த கதவு. அழுக்கான மினரல் ஸ்பிரிட்டை ஓரிரவு தெளியவிட்டு மேலே உள்ளதைத் திரும்பப் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் சேறும் பழைய டிகிரீசர் கரைசலும் சாக்கடைக்குப் போகக் கூடாது. மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் இவற்றையும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள். நனைந்த துணிகள் இரவில் மூடியுள்ள தகர டப்பாவுக்குள் இருக்கட்டும்.