அப்பா தானே சட்டை போட்டுக்கொள்கிறார்: மூன்று மாத ஆக்குபேஷனல் தெரபி அனுபவம்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பிசியோதெரபியில் மெல்ல நடக்க ஆரம்பித்துவிட்டார், ஆனால் பல் தேய்க்க, சட்டை போட, சாப்பிட எல்லாவற்றுக்கும் அம்மாதான். இப்படி அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. அதற்காகத்தான் மதுரையில் ஒரு தனியார் ஓ.டி. மையத்துக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிப்போனோம்.

முதல் நாள் பயிற்சியே இல்லை, கேள்விகள்தான். பார்த்தெல் இண்டெக்ஸ் என்று ஒரு படிவம்: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது என்று 10 விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். அப்பாவுக்கு 45 வந்தது, மூன்று மாதம் கழித்து 75. அப்புறம் அந்த தெரபிஸ்ட் பெண், "ஐயா, எது முடியலைங்கிறது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று அவரிடமே கேட்டார். அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை, நானும்தான். "சாப்பாடு" என்றார். இடது கையால் சாப்பிட மனசு வரவில்லை, அம்மா ஊட்டினால் பாதியிலேயே போதும் என்று விடுவார். அங்கிருந்துதான் தொடங்கினார்கள். ஸ்பூன் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி, விளிம்பு உயர்ந்த தட்டு வைத்து, அது நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்து, வலது கையாலேயே தயிர்சாதம். முதல் வாரம் முழுக்கச் சிந்தியது. துடைக்க ஓடிய அம்மாவை, "நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா, அவரே எடுக்கட்டும்" என்று நிறுத்தினார்கள்.

சட்டை விஷயத்தில் தப்பு எங்கள் மேல். பாதித்த கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டுமாம், கழற்றும்போது அதைக் கடைசியில். நாங்கள் இத்தனை நாள் தலைகீழாகச் செய்து அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறோம், அவர் முகம் சுளித்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. வேட்டிக்கு வெல்க்ரோ, குளிக்க ஸ்டூல், பக்கெட் இடது பக்கம், அவ்வளவுதான்.

குறை இல்லாமலில்லை. மையம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் வருகிற இடத்தில் இது பெரிய தவறு, நேரில் சொல்லியும் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. கொடுத்த நேரத்தையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். இருந்தாலும் கற்றுக்கொடுப்பதில் அவர்கள் காட்டிய பொறுமைக்காக 5க்கு 4 கொடுப்பேன்.

நீங்கள் இப்படி எங்கே கூட்டிப்போனாலும், வீட்டில் அவர் போடுகிற சட்டை, சாப்பிடுகிற தட்டு இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். மையத்திலுள்ள பட்டன் பலகையில் பழகியதைவிட, சொந்தச் சட்டையில் பழகியதுதான் அப்பாவுக்குச் சீக்கிரம் கைவந்தது.